பந்தா, மட்டையா?

நுழையும்முன்

அணியில் ஓரிடம்தான் எஞ்சியிருக்கிறது. எதிரே இருவர் நிற்கின்றனர். ஒருவர் பந்து வீசுபவர். மற்றவர் மட்டை பிடிப்பவர். இருவருமே திறமையில் குறைந்தவர் அல்லர். யாரைத் தேர்வது? தெருவில் நடக்கும் ஆட்டம்முதல் கோடிக்கணக்கில் பணம் புரளும் தொழில்முறை ஆட்டம்வரை இவ்வினா எழுந்துகொண்டே இருக்கிறது. அதற்கு விடைகாண மக்கள் வகுத்துக்கொண்ட முறைகளையும் அம்முறைகளுக்குள் அமைந்த கணக்கையும் இக்கட்டுரை விளக்குகிறது.

உத்தி கட்டுதல்

திருவண்ணாமலை மாவட்டத்தில், சவ்வாது மலையின் அடிவாரத்தில், கமண்டல நாகநதி பாயும் பகுதியில் அமைந்த ஊர் படவேடு. படைவீடு என்னும் பெயரே படவேடு என மருவிற்று. சம்புவராயர்களின் தலைநகராக விளங்கிய இவ்வூர் இன்று ரேணுகாம்பாள் கோவிலால் பலருக்கும் அறிமுகமாகியுள்ளது. பெயரிலேயே படையைத் தாங்கிய இவ்வூரிலும் சரி, தமிழ்நாட்டின் வேறெந்த ஊரிலும் சரி, அறுவடை முடிந்த வயல் ஆடுகளமாக மாறும் நாள்களில் முதலில் நடப்பது ஆட்டமன்று, ஆள் பிரிப்பதுதான்.

அதற்குத் தமிழ்ச் சிறுவர்கள் கண்ட வழி உத்தி கட்டுதல். தலைவர்கள் இருவர் ஒருபுறம் நிற்பர். மற்றவர்கள் தம்முள் நிகரான இருவர் இருவராக இணைந்து, தோள்மேல் கைபோட்டுச் சற்றுத் தொலைவு செல்வர். அங்கே ஒருவர் கதிரவன், மற்றவர் நிலவு என்றோ, ஒருவர் ரோசா, மற்றவர் மல்லிகை என்றோ மறைபெயர் சூட்டிக்கொள்வர். திரும்பி வந்து, எது வேண்டும் எனத் தலைவரிடம் கேட்பர். தலைவர் சொல்லும் பெயருக்குரியவர் அவர் பக்கம் சேர்வார். மற்றவர் எதிரணிக்குச் செல்வார். யார் எப்பெயரில் ஒளிந்திருக்கிறார் என்பது தலைவருக்குத் தெரியாது. ஆகவே, வேண்டியவர், வேண்டாதவர் என்னும் பாகுபாட்டுக்கு அங்கே இடமில்லை. கடைசிவரை எவராலும் அழைக்கப்படாமல் நிற்கும் அவமதிப்பும் எந்தச் சிறுவருக்கும் நேர்வதில்லை. ஆள் பிரிக்கும் முறைகளுள் இதனினும் மென்மையான ஒன்றைக் காண்பது அரிது.

இம்முறையின் உயிர்நாடி, இணைகிற இருவரும் நிகரானவர்கள் என்பதே. ஓட்டப்பந்தயத்தில் நிகர் யாரென்று கண்டுகொள்வது எளிது. கிரிக்கெட்டில் அவ்வாறன்று. நன்றாகப் பந்து வீசும் ஒருவருக்கு நன்றாக மட்டை பிடிக்கும் ஒருவர் நிகராவாரா? சிறுவர்கள் இதைக் குறித்து நெடுநேரம் வாதிடுவதுண்டு. உண்மையில் அந்த வாதம்தான் உலகின் பெரிய விளையாட்டு நிறுவனங்கள் கணிப்பொறிகளையும் கணக்கறிஞர்களையும் வைத்துக்கொண்டு இன்றும் நடத்திவரும் வாதம்.

வரிசைத் தேர்வு

மறைபெயரை நீக்கிவிட்டுத் தலைவர்கள் மாறி மாறி ஆளுக்கொருவராக வெளிப்படையாகத் தேர்ந்தால் அது வேறொரு முறையாகிறது. தொழில்முறை விளையாட்டில் இதனை ‘டிராஃப்ட்’ என்பர். தமிழில் வரிசைத் தேர்வு எனலாம். அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் அணிகள் இளம் வீரர்களைச் சேர்ப்பதற்கு 1965ஆம் ஆண்டுமுதல் இம்முறையைப் பின்பற்றுகின்றன. அதற்குமுன் செல்வம் மிக்க அணிகள் சிறந்த இளைஞர்களையெல்லாம் பணம் கொடுத்துத் தம் பக்கம் இழுத்துக்கொண்டன. அதைத் தடுக்க, முந்தைய ஆண்டில் பின்தங்கிய அணிகளுக்கு முன்னுரிமை தரும் வழி பிறந்தது. வலியவர் காத்திருக்க, மெலியவர் முதலில் தேர்வர்.

பேஸ்பால் ஆட்டத்தை அறியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம் தேவை. அணிக்கு ஒன்பதுபேர். பந்தெறிபவர் ‘பிட்சர்’ எனப்படுவார். அவர் எறியும் பந்து தரையில் படாமல் நேராக மட்டையாளரை நோக்கிச் செல்லும். களத்தின் கோடியில் இடம், நடு, வலம் என மூவர் நிற்பர். இவர்கள் ‘அவுட்ஃபீல்டர்’கள். உயர்ந்து வரும் பந்தைப் பிடிப்பது இவர்களது தொழில் என்றாலும், பெரும்பாலும் மட்டை வலிமைக்காகவே இவர்கள் தேடப்படுகின்றனர். ஆகவே, பிட்சரா, அவுட்ஃபீல்டரா என்னும் அமெரிக்கக் கேள்வி, பந்தா, மட்டையா என்னும் நம்மூர்க் கேள்வியின் உடன்பிறப்பே. 1965இல் நடந்த முதல் வரிசைத் தேர்வில் முதலாவதாக அழைக்கப்பட்ட ரிக் மண்டே ஓர் அவுட்ஃபீல்டர்.

இந்தியாவில் பலரும் அறிந்தது ஏலமுறை. 2008 பிப்ரவரியில் மும்பையில் நடந்த முதல் ஐ.பி.எல். ஏலத்தில் மகேந்திரசிங் தோனியைச் சென்னை அணி 15 இலட்சம் டாலருக்கு வாங்கியது. அன்றைய உச்சவிலை அதுவே. ஆனால் அதே ஆண்டில் ஏலத்தோடு ஒரு வரிசைத் தேர்வும் நடந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டனர். பந்தா, மட்டையா என்னும் வினா இந்திய விளையாட்டு வரலாற்றில் மிகக் கூர்மையாக எழுந்த தருணம் அது.

தில்லி செய்த தேர்வு

2008 மார்ச் 2ஆம் நாள் கோலாலம்பூரில் நடந்த இறுதிப்போட்டியில் தென்னாப்பிரிக்காவை வென்று, 19 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கோப்பையை இந்தியா கைப்பற்றியது. அந்த அணியின் தலைவர் விராட் கோலி. வெற்றிபெற்ற இளைஞர்களை ஐ.பி.எல். அணிகள் பங்கிட்டுக்கொள்ளும் வரிசைத் தேர்வு அதே மாதத்தில் நடைபெற்றது. கோலி தில்லியைச் சேர்ந்தவர். தில்லி டேர்டெவில்ஸ் அணி தன் ஊர்ப் பிள்ளையை எடுத்துக்கொள்ளும் என்றே பலரும் எதிர்பார்த்தனர். கோலி இன்னும் எவராலும் தேரப்படாமல் இருந்தபோது தில்லியின் முறை வந்தது. அந்த அணி அழைத்த பெயர் பிரதீப் சங்வான். அவரும் தில்லிக்காரரே, இடக்கை வேகப்பந்து வீச்சாளர். கோலியைப் பெங்களூர் அணி பெற்றது.

இன்று இச்செய்தியைக் கேட்பவர் எவரும் நகைப்பர். பிற்காலத்தில் நடந்ததை அறிந்துகொண்டு முன்பு செய்த முடிவை எடைபோடுவது எளிது. ஆனால் அது நேர்மையான எடை ஆகாது. 2008 மார்ச் மாதத்தில் தில்லி அணியின் முன் இருந்தவை எவை என்று காண வேண்டும்.

அந்த அணியில் அப்போதே வீரேந்தர் சேவாக், கௌதம் கம்பீர், ஏ.பி. டிவில்லியர்ஸ், ஷிகர் தவான், தில்ஷான், மனோஜ் திவாரி, தமிழ்நாட்டின் தினேஷ் கார்த்திக் ஆகியோர் இருந்தனர். சேவாக்குக்கு வயது 29, கம்பீருக்கு 26, டிவில்லியர்ஸுக்கு 24, தவானுக்கு 22. மட்டை வரிசையில் நுழைய ஓர் இளைஞருக்கு இடமே இல்லை. இருந்தவர்களும் முதியவர்கள் அல்லர். பந்துவீச்சில் நிலைமை வேறு. கிளென் மெக்ராத், டேனியல் வெட்டோரி முதலிய புகழ்பெற்ற பெயர்கள் இருந்தபோதிலும், மெக்ராத்துக்கு வயது 38. மேலும், ஓர் ஆட்டத்தில் வெளிநாட்டு வீரர் நால்வருக்குமேல் களமிறங்கக்கூடாது என்பது விதி. ஆகவே, ஆடும் பதினொருவரில் பந்துவீச்சை நிரப்ப இந்தியர்கள் தேவைப்பட்டனர். தமிழ்நாட்டின் யோ மகேஷ், சுழற்பந்து வீச்சாளர் அமித் மிஸ்ரா போன்ற சிலரே கையில் இருந்தனர். இடக்கை வேகப்பந்து வீச்சாளர்கள் இயல்பாகவே அரிதானவர்கள். சங்வானோ, அந்தப் பருவத்தில் ரஞ்சிக் கோப்பையை வென்ற தில்லி அணிக்குப் பந்து வீசியவர்.

இன்னொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். உலகக் கோப்பை வென்ற அணியின் தலைவர் கோலி என்பது உண்மை. ஆனால் அத்தொடரில் மிகுதியான ஓட்டங்களை எடுத்தவர் அவர் அல்லர். அணித்தோழர் தன்மய் ஸ்ரீவஸ்தவா 262 ஓட்டங்களுடன் முதலிடம் பெற்றார். பதினெட்டு, பத்தொன்பது வயதில் காணப்படும் திறமை விதையைப் போன்றது. எது மரமாகும் என்பதை விதையின் பருமன் காட்டிவிடுவதில்லை.

இருபத்து நான்கு பந்துகள்

வேறுபட்ட இரு தொழில்களை ஒரே தராசில் நிறுப்பது எவ்வாறு? முதலில் ஒருவர் ஆட்டத்தில் எவ்வளவு பங்கு பெறுகிறார் என்று பார்க்கலாம். இருபது ஓவர் ஆட்டத்தில் ஓர் அணி வீச வேண்டிய பந்துகள் 120. ஒரு பந்துவீச்சாளர் நான்கு ஓவர்களுக்குமேல், அதாவது 24 பந்துகளுக்குமேல் வீச முடியாது. எவ்வளவு சிறந்தவராயினும் ஐந்தில் ஒரு பங்குதான் அவருக்கு உரியது. மட்டையாளருக்கு அத்தகைய எல்லை இல்லை. 2008 ஏப்ரல் 18ஆம் நாள் பெங்களூரில் நடந்த ஐ.பி.எல். முதல் ஆட்டத்தில் கொல்கத்தா அணியின் பிரெண்டன் மெக்கல்லம் 73 பந்துகளைச் சந்தித்து, ஆட்டமிழக்காமல் 158 ஓட்டங்கள் எடுத்தார். 73 என்பது ஒரு பந்துவீச்சாளரின் முழுப் பங்கைப்போல மும்மடங்கு.

இக்கணக்கை மட்டும் பார்த்தால் எப்போதும் மட்டையாளரையே தேர வேண்டும் எனத் தோன்றும். ஆனால் மறுபுறமும் உண்டு. மட்டையாளர் ஒரு பிழை செய்தால் போதும், அன்றைய பணி முடிந்துவிடும். பந்துவீச்சாளரின் ஒரு பந்து எல்லைக்கு அப்பால் பறந்தாலும் அடுத்த பந்து அவர் கையில் இருக்கும். மெக்கல்லம் 158 எடுத்த அதே ஆட்டத்தில், எதிரணியில் ஆடிய கோலி 1 ஓட்டத்துடன் வெளியேறினார். மட்டையாளரின் பங்கு பெரியதாகலாம், ஆனால் நிச்சயமற்றது. பந்துவீச்சாளரின் பங்கு சிறியது. ஆனால் அது ஏறத்தாழ உறுதியாகக் கிடைப்பது.

இதனினும் ஆழமான கணக்கு ஒன்று உண்டு. ஒருவர் எவ்வளவு சிறந்தவர் என்பதன்று கேள்வி. அவர் யாருடைய இடத்தை நிரப்புகிறார் என்பதே கேள்வி. எடுத்துக்காட்டாக, ஓர் அணியில் கடைசி மட்டையாளரின் சராசரி 27 ஓட்டங்கள் என்றும், புதிதாக வரக்கூடியவர் 30 எடுப்பார் என்றும் கொள்வோம். அவரால் அணிக்கு வரும் ஆதாயம் 3 ஓட்டங்கள். அதே அணியில் நான்கு ஓவருக்கு 36 ஓட்டங்களை விட்டுக்கொடுக்கும் பந்துவீச்சாளருக்கு மாற்றாக, 28 மட்டும் கொடுக்கும் ஒருவர் கிடைப்பாராயின் ஆதாயம் 8. மட்டையாளரே பெருந்திறலாளர் என ஊர் போற்றினாலும், அந்த அணிக்கு வேண்டியவர் பந்துவீச்சாளரே. அமெரிக்கப் பேஸ்பால் ஆய்வாளர்கள் இக்கருத்தை ஓர் அளவுகோலாகவே வளர்த்துள்ளனர். எளிதில் கிடைக்கும் ஒரு சாதாரண மாற்று வீரரைவிட இவரால் அணிக்கு எத்தனை வெற்றிகள் கூடுகின்றன என்று கணக்கிட்டு, பிட்சரையும் அவுட்ஃபீல்டரையும் ஒரே எண்ணால் ஒப்பிடுகின்றனர்.

தில்லி செய்தது இக்கணக்குத்தான். கோலியைத் தேர்ந்திருந்தால் அவர் சேவாக்கையோ கம்பீரையோ விலக்கிவிட்டு ஆட வேண்டியிருந்திருக்கும். சங்வான் நிரப்பியதோ வெற்றிடத்தை. முதல் பருவத்தின் முடிவில் அக்கணக்கு பொய்க்கவுமில்லை. 2008இல் தில்லி அரையிறுதியை அடைந்தது. எட்டு அணிகளுள் பெங்களூருக்கு ஏழாமிடம். கோலி 13 ஆட்டங்களில் எடுத்தவை 165 ஓட்டங்களே. அடுத்த ஆண்டில் 246. அதற்கடுத்த ஆண்டில் 307. மூன்றாண்டுகள் முடிந்த நிலையில் தில்லியின் முடிவைக் குறைகூற எவருக்கும் காரணம் இருந்திருக்காது.

கணக்கில் விடுபட்டது ஒன்றுண்டு. அது காலம். தில்லி நிறுத்துப் பார்த்தது இன்றைய வெற்றிடத்தை. வரிசைத் தேர்வில் எடுக்கப்படும் பதினெட்டு வயது இளைஞரோ நாளைக்கு உரியவர். நிரம்பி வழிந்த அந்த மட்டை வரிசை எத்தனை நாள் நிலைத்தது? தவான் 2009இலேயே மும்பைக்குச் சென்றார். 2011ஆம் ஆண்டுப் பெரும் ஏலத்துக்குமுன் தில்லி தக்கவைத்துக்கொண்டவர் சேவாக் ஒருவரே. கம்பீர் கொல்கத்தாவுக்கும், டிவில்லியர்ஸ் பெங்களூருக்கும் போயினர். பெங்களூரில் கோலியும் டிவில்லியர்ஸும் இணைந்து 2016இல் குஜராத் லயன்ஸ் அணிக்கு எதிராக 229 ஓட்டங்களைக் குவித்தபோது, இருவருமே தில்லி சட்டையில் ஆடியிருக்கக்கூடியவர்கள் என்பதைத் தில்லி இரசிகர்கள் நினைத்திருக்கலாம்.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்கப் பேஸ்பாலில் பந்தும் மட்டையும் ஒருவரிடமே அமைந்த அரிய நிகழ்வுகள் உண்டு. பேப் ரூத் பாஸ்டன் அணியில் சிறந்த பிட்சராக விளங்கியவர். அவரது மட்டை வலிமை நாள்தோறும் தேவைப்பட்டதால் அவர் அவுட்ஃபீல்டராக மாற்றப்பட்டார். நியூயார்க் அணிக்கு விற்கப்பட்டபின் 1920இல் 54 முறை பந்தை எல்லைக்கு அப்பால் அடித்தார். இக்காலத்தில் ஜப்பானிய வீரர் ஷோஹெய் ஓத்தானி இரண்டையும் கைவிடாமல் செய்துவருகிறார்.

கையின் விலை

காலத்தைக் கணக்கில் சேர்க்கும்போது உடலையும் சேர்க்க வேண்டியதாகிறது. பந்தை முழு விசையோடு எறிவது மனித உடல் இயல்பாகத் தாங்கும் செயலன்று. பேஸ்பாலில் தொடக்க பிட்சர் ஒருவர் ஓர் ஆட்டத்தில் ஏறத்தாழ நூறு பந்துகள் எறிந்துவிட்டு, நான்கைந்து நாள்கள் ஓய்வெடுப்பார். பருவத்துக்கு 162 ஆட்டங்கள். அவுட்ஃபீல்டர் அவை அனைத்திலும் ஆடலாம். தொடக்க பிட்சர் ஆடுபவை முப்பதையொட்டியே இருக்கும். அவ்வளவு ஓய்வுக்குப் பின்னும் முழங்கை நாண்கள் கிழிகின்றன. 1974இல் டாமி ஜான் என்னும் பிட்சருக்கு மருத்துவர் ஃபிராங்க் ஜோப் முன்கைத் தசைநாணை எடுத்து முழங்கையில் பொருத்தினார். அந்த அறுவை மருத்துவம் இன்றும் அவ்வீரரின் பெயராலேயே வழங்குகிறது. ஒரு நோயாளியின் பெயர் இவ்வாறு நிலைத்துவிட்டதே அத்துன்பம் எவ்வளவு பரவலானது என்பதைக் காட்டும்.

1973ஆம் ஆண்டு வரிசைத் தேர்வு இதற்குத் தக்க சான்று. முதல் வாய்ப்பைப் பெற்ற டெக்சாஸ் அணி, பள்ளிப்படிப்பை அப்போதுதான் முடித்திருந்த இடக்கை பிட்சர் டேவிட் கிளைடைத் தேர்ந்தது. கூட்டமின்றித் தவித்த அணி அது. உள்ளூர்ச் சிறுவனைக் காண மக்கள் திரள்வர் என எண்ணி, சிற்றணிகளில் பயிற்சி ஏதும் தராமல், ஜூன் 27ஆம் நாளே பதினெட்டு வயதினரான அவரை முதன்மைக் களத்தில் இறக்கினர். அரங்கு நிறைந்தது, ஆட்டமும் வெல்லப்பட்டது. ஆனால் முதிராத கை நெடுங்காலம் தாங்கவில்லை. கிளைட் தம் வாழ்நாளில் பெற்றவை 18 வெற்றிகள், தோல்விகள் 33. 1979உடன் முதன்மை ஆட்டத்தில் அவரது பயணம் முடிந்தது.

அதே தேர்வில் நான்காவதாக அழைக்கப்பட்டவர் டேவ் வின்ஃபீல்டு. கல்லூரியில் அவர் பிட்சராகவும் அவுட்ஃபீல்டராகவும் ஆடியவர். கூடைப்பந்து அணிகளும் அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றும்கூட அவரைத் தம் தேர்வில் அழைத்திருந்தன. சான் டியாகோ அணி அவரது எறியும் கையை விட்டுவிட்டு மட்டையை எடுத்துக்கொண்டது. அவுட்ஃபீல்டராகக் களத்தில் நிறுத்தியது. இருபதாண்டுகளுக்கும் மேலாக ஆடி, 3110 முறை வெற்றியடி அடித்த அவர், 2001இல் பேஸ்பால் புகழ்மன்றத்தில் இடம்பெற்றார். இங்கு கிளைடு திறமையற்றவர் எனக் கொள்ளுதல் தவறு. தேர்ந்த அணி அவரைப் பயன்படுத்திய முறையே வேறுபாட்டின் பெரும்பகுதி.

கபடியிலும் இவ்வாறே. பாடிச் செல்பவர் மட்டையாளரைப் போன்றவர். கூட்டத்தின் கண் அவர்மீதே இருக்கும். ஏலத்தில் உயர்விலையும் பெரும்பாலும் அவருக்கே. பிடிப்பவர் மடக்கி நிற்கும் பணியோ பந்துவீச்சைப்போல் எதிரியைத் தடுப்பது. 2022ஆம் ஆண்டு புரோ கபடி ஏலத்தில் தமிழ் தலைவாஸ் அணி, பாடிச் செல்பவரான பவன் செராவத்தை 2 கோடியே 26 இலட்சம் ரூபாய்க்கு வாங்கியது. அதுவரை எவருக்கும் அவ்வளவு விலை தரப்பட்டதில்லை. முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் காயம் ஏற்பட்டது. அப்பருவம் முழுவதும் அவரால் ஆட இயலவில்லை. எனினும் அந்த ஆண்டில்தான் தமிழ் தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதியை எட்டியது. சாகர், சாகில் குலியா போன்ற பிடிவீரர்களின் கட்டுக்கோப்பும், நரேந்தர் என்னும் புதுமுகத்தின் பாட்டும் அணியைத் தாங்கின.

தேர்ந்தபின்

திருவள்ளுவர் பொருட்பாலில் 51ஆம் அதிகாரத்தைத் தெரிந்துதெளிதல் என்றும், 52ஆம் அதிகாரத்தைத் தெரிந்துவினையாடல் என்றும் வைத்தார். ஆளை ஆராய்ந்து தேர்வது ஒன்று; தேர்ந்தவரை உரிய வினையில் ஈடுபடுத்தி நடத்துவது மற்றொன்று. இரண்டும் அரசனுக்குரிய கடமைகளே எனினும் இரண்டையும் அவர் ஒன்றாகக் கலக்கவில்லை. வரிசைத் தேர்வைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் முதலாவதோடு நின்றுவிடுகின்றனர்.

பெங்களூர் அணி கோலியைத் தேர்ந்ததில் தனிச்சிறப்பு என ஏதும் இல்லை. தில்லி விட்டதை அது எடுத்துக்கொண்டது. சிறப்பு அதன் பிறகு நிகழ்ந்தது. 165, 246, 307 என்னும் எளிய எண்களைக் கண்டபின்னும், 2011 ஏலத்துக்குமுன் அந்த அணி தக்கவைத்துக்கொண்டது கோலி ஒருவரை மட்டுமே. புகழ்பெற்ற மூத்தவர்கள் பலரையும் விடுவித்து, இருபத்திரண்டு வயதினரை நிறுத்திக்கொண்டது. அந்த ஆண்டில் அவர் 557 ஓட்டங்கள் எடுத்தார். 2016இல் நான்கு சதங்களோடு 973. ஐ.பி.எல். வரலாற்றில் ஒரே பருவத்தில் எவரும் அவ்வளவு எடுத்ததில்லை.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த த. நடராஜனின் கதை இதையே பந்துவீச்சின் பக்கத்திலிருந்து காட்டுகிறது. அவரும் இடக்கை வேகப்பந்து வீச்சாளர். 2017 ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை 3 கோடி ரூபாய்க்கு வாங்கி, ஆறு ஆட்டங்களில் ஆடவைத்து விடுவித்தது. மறு ஆண்டில் ஐதராபாத் அணி 40 இலட்சத்துக்குப் பெற்றது. திறமை ஓராண்டில் ஏழில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுவதில்லை; சுருங்கியது சந்தையின் நம்பிக்கை. அதன்பின் இரண்டு பருவங்கள் அவருக்கு ஓர் ஆட்டமும் கிடைக்கவில்லை. வலையில் பந்து வீசியவாறே காத்திருந்தார். 2020இல் வாய்ப்பு வந்தபோது மட்டையாளரின் காலடியில் விழும் யார்க்கர் பந்துகளால் 16 விக்கெட்டுகளை வீழ்த்தினார். வலைப்பயிற்சிக்குப் பந்து வீசுவதற்காக ஆஸ்திரேலியா சென்றவர், அப்பயணத்திலேயே ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் என மூவகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காகக் களமிறங்கினார். 2021இல் முழங்கால் காயம் அவரைத் தடுத்தது. 2024 இறுதியில் நடந்த ஏலத்தில் அவரது விலை 10 கோடியே 75 இலட்சம் ரூபாய். வாங்கியது தில்லி அணி.

சங்வான் தில்லிக்குப் பின் கொல்கத்தா, குஜராத், மும்பை அணிகளின் சட்டையையும் அணிந்தார். கொல்கத்தா கோப்பையை வென்ற 2012ஆம் ஆண்டிலும், குஜராத் டைட்டன்ஸ் வென்ற 2022ஆம் ஆண்டிலும் அவ்வணிகளில் அவர் இருந்தார். அந்த ஆண்டுகளிலெல்லாம் கோலி ஓட்டங்களை மலையாகக் குவித்தும் கோப்பையைத் தொடவில்லை. ஐ.பி.எல். தொடங்கிப் பதினெட்டாம் பருவத்தில், 2025 ஜூன் 3ஆம் நாள், அகமதாபாத்தில் பெங்களூர் அணி முதன்முறையாகக் கோப்பையை வென்றது. இறுதிப்போட்டியில் அந்த அணி எடுத்த 190 ஓட்டங்களுள் கோலியின் பங்கு 43. அதுவே அணியின் உயர்ந்த எண்ணிக்கை. பஞ்சாப் அணி 6 ஓட்டங்களில் தோற்றது. ஆட்டநாயகன் விருது குருணால் பாண்டியாவுக்கு அளிக்கப்பட்டது. தமக்குரிய 24 பந்துகளில் அவர் விட்டுக்கொடுத்தவை 17 ஓட்டங்கள். வீழ்த்தியவை 2 விக்கெட்டுகள்.